நாலாவது மூலை

ஊசிக்கரடு தாலுகா ஆபீஸ் வட்டமாகிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தே முக்காலுக்கு. தாசில்தார் இன்னாசிமுத்துவின் மேசையில் இருந்த டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த காற்றாடி நிற்கவில்லை, வராந்தாவில் முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தவரின் பேனாகூடக் கோணவில்லை. கட்டடத்தின் நாலு மூலைகளும் எழுந்து நாலு திக்கில் புறப்பட்டுப் போய்விட, மிச்சமிருந்த சுவர்கள் வளைந்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். இரும்பு பீரோவுக்குத்தான் முதலில் சங்கடம். அதன் நேர்முதுகுக்கு வளைந்த சுவர் ஒத்துவராமல் ஒரு சாண் முன்னால் தள்ளி நின்றது.

"யாருய்யா பீரோவ நகட்டுனது?" என்று தாசில்தார் கேட்டார்.

யாரும் நகட்டவில்லை என்றார்கள். "அப்ப இருக்கட்டும்" என்று அவர் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

எப்படி நடந்தது, யார் செய்தது என்று ஊரில் ஒருத்தரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மனு எழுதச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நடந்தது நடந்ததுதான், நடந்த இடம் இரண்டு தெரு தள்ளி இருந்த அங்கன்வாடி.

அங்கன்வாடி டீச்சர் தவமணி அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வடிவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து ஆளுக்கு நாலாகக் கொடுத்தாள். மூணு குச்சியைத் தலையும் வாலும் முட்ட வைத்தால் முக்கோணம், நாலை வைத்தால் சதுரம், ரெண்டு குச்சி முட்டுகிற இடத்துக்கு என்ன பேரு என்று கேட்டால் "மூலை!" என்று பதினேழு பிள்ளைகளும் கூரை பறக்கக் கத்த வேண்டும், கத்தினார்கள். அடுத்து வட்டம். குச்சியில் வட்டம் வராது என்பதால் அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, ஆள்காட்டி விரலால் அரிசிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரச் சொன்னாள்.

அந்த அரிசி யாருடையது என்று ஆயா பஞ்சவர்ணத்துக்கு மட்டும் தெரியும். அது தவமணியின் மகன் நிதினுடைய அரிசி. பையன் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்தது, அஞ்சாம் நாள் முடிந்துவிட்டது, அவனுக்கும் வயசு அஞ்சு. ரேஷன் கார்டில் மட்டும் அவன் பெயர் அப்படியே இருந்தது. அவள், அவள் புருஷன் மலைச்சாமி, நிதின் என்று மூணு பேருக்கும் மாசாமாசம் அரிசி போட்டார்கள். மகன் பங்கை உலையில் போடவும் அவளுக்குக் கை வரவில்லை, கோழிக்கு இறைக்கவும் மனசு வரவில்லை. ஒரு நீல ட்ரம்மில் கொட்டிக் கொட்டி வைத்தாள். தாம்பாளத்து அரிசி பிள்ளைகளின் விரல் பட்டு அழுக்கானால் அந்த ட்ரம்மிலிருந்து அள்ளிக்கொண்டு வருவாள்.

தவமணி அழவில்லை. இதை ஊர் ரெண்டு வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தது. சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, மூணாம் நாள் பால் ஊற்றுவதோடு சரி. அன்றைக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள், பெற்றவளை மூலையில் உட்கார வைத்துச் சுற்றி உட்கார்ந்து அழுவோம் என்றுதான் வந்தார்கள். உள்ளே வந்து பார்த்தால், காலனி வீடு, ஒரே ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பீரோ, ஒரு மூலையில் டிவி, ஒரு மூலையில் தண்ணீர்க் குடங்கள். உட்கார மூலை இல்லை. சரி என்று வாசற்படியில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அவள் எழுந்து எழுந்து வழி விட்டாள். நாலாம் நாள் சொட்டு மருந்து முகாம் என்று அங்கன்வாடி சென்டரைத் திறக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து யார் எது சொன்னாலும் "சரி" என்பாள். மதினி, மனசத் தேத்திக்க என்றால் சரி. இன்னொன்னு பெத்துக்கத்தா என்றால் சரி. மழை வரும்போல என்றாலும் சரி. வாயில் வைத்தது உப்பா உறைப்பா என்று தெரியாமல் தின்றாள். கால் மரத்துப்போனால் எழுந்து நாலு உதறு உதறலாம், அவளுக்கு மரத்தது எது என்றே தெரியாததால் எதை உதறுவது என்றும் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு கடிதாசி வந்திருந்தது. குடும்ப அட்டையில் இறந்தவர் பெயர் தொடர்கிறது, நேரில் ஆஜராகி நீக்கிக்கொள்ள வேண்டியது. அதை நாலாக மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருந்தாள், மலைச்சாமியிடம்கூடச் சொல்லவில்லை. பேரை அடித்துவிட்டால் அரிசி நின்றுவிடும். அரிசி நின்றுவிட்டால் நிதின் பெயரைச் சொல்லி இந்த ஊரில் எதுவுமே அளக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் வட்டம் வரைந்துகொண்டே நம்ம ஊரில் வட்டம் எது எது என்று சொல்ல வேண்டும். ஒருத்தன் தோசை என்றான். ஒருத்தி வளையல் என்றாள். டீக்கடை சோணையின் மகள் பவிஷா, நாலு வயசு, அரிசிக்குள் விரலை விட்டு ஆழமாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே, "எங்க கடைக்கு எதுத்தாப்புல இருக்குல்ல, அது வட்டம்" என்றாள்.

"அது ஆபீஸ்டா கண்ணு."

"இல்ல டீச்சர். எங்கப்பா படிச்சுக் காட்டுச்சு. ஊசிக்கரடு வட்டம்னு போட்ருக்கு."

போர்டில் அப்படித்தான் போட்டிருந்தது. வட்டாட்சியர் அலுவலகம், ஊசிக்கரடு வட்டம். தாலுகாவைத் தமிழில் வட்டம் என்று எழுதிவைத்தவர்கள் நாலு வயசுப் பிள்ளை ஒன்று அதைக் கேட்டு நம்பும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். வேறு டீச்சராக இருந்தால் சிரித்திருப்பாள், திருத்தியிருப்பாள். தவமணி, பதிவேட்டுக்குள் இருந்த கடிதாசியைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றாள்.

டீச்சர் சரி என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது சரிதான். பவிஷாவின் விரல் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தது. மணி பத்தே முக்கால்.

வட்ட ஆபீஸுக்கு ஊர் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் நாள் வரிசையில் நின்றவர்கள் சுவரை ஒட்டியே போய்ப் போய்த் தங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றார்கள். முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று சண்டை வந்தது. மூணாம் நாள் சண்டை ஓய்ந்து, எல்லாரும் ஆளுக்கொரு தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வரிசையிலேயே தின்றார்கள். ரெண்டாம் வாரத்துக்குள் அந்த வரிசையிலேயே ஒரு சம்பந்தம் பேசி முடித்து, தட்டும் மாற்றிக்கொண்டார்கள். மனுக்கள் மேசைக்கு மேசை நகர்ந்து, எல்லா மேசையையும் பார்த்து, மனு கொடுத்தவர் கைக்கே திரும்பி வந்தன. "முன்னயும் நம்மள சுத்தத்தான விட்டாங்க, இப்ப தோதா கட்டிக்கிட்டாங்க" என்று சோணை டீ ஆற்றிக்கொண்டே சொன்னான், கடையே சிரித்தது. மேலிடத்திலிருந்து கட்டடத்தின் நீளம் அகலம் கேட்டுப் படிவம் வந்தது. இரண்டு இடத்திலும் 'இல்லை' என்று எழுதி அனுப்பினார்கள். டேப்போடு வந்த இன்ஜினியர் மூணு தடவை சுற்றி அளந்துவிட்டு, தலை கிறுகிறுக்கிறது என்று சாப்பிடப் போனவர், அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

போன மூலைகளும் எங்கேயும் தொலையவில்லை. ஒன்று பஸ் ஸ்டாண்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு இரண்டு சுவர்த் துண்டும் அதன் ஒட்டடையும் வெற்றிலைக் கறையுமாக நின்றது. கைப்பிள்ளைக்காரிகள் அதற்குள் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தார்கள், இத்தனை வருஷமாக இப்படி ஒரு மறைப்பு வேண்டும் என்று யாருக்குமே தோன்றாததை நினைத்து ஆச்சரியப்பட்டார்கள். ஒன்று கண்மாய்க் கரையில் நின்றது, அதில் ஆடுகள் மழைக்கு ஒதுங்கின. ஒன்று சோணையின் கடைக்கே வந்துவிட்டது, அவன் அதில் விளக்குமாற்றைச் சாத்தினான். நாலாவது மூலை எங்கே போனதென்று தெரியவில்லை. யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை.

தவமணி அந்த வாரமே ஆபீஸுக்குப் போனாள், பெயர் நீக்கக் கேட்டு ஒரு படிவம் எழுதிக் கொடுத்தாள். சொன்னால் செய்துவிடுகிறவள் இல்லையா. அந்தக் காகிதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கைக்கே வந்தது. "வந்துருச்சாம்மா? மறுபடி அந்தப் பக்கம் குடுங்க" என்றார்கள். சரிங்க என்று கொடுத்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. இப்படிப் பதிமூணு வெள்ளி. மாசம் பிறந்தால் மூணு பேருக்கும் அரிசி அளந்தார்கள், ட்ரம்மில் கொட்டினாள். இது நன்றாக இருக்கிறது என்றோ நன்றாக இல்லை என்றோ அவளுக்குத் தோன்றவில்லை. காகிதம் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பெயர் இருக்கும், அவ்வளவு தெரிந்தது. மற்றவர்களுக்குத்தான் தாங்கவில்லை. காலேஜில் சேர சாதிச் சான்று கேட்ட ஒருத்தி சேர முடியாமல் துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். வராந்தாவில் பென்ஷனுக்கு எழுதிக்கொண்டிருந்தாரே, அவர் எழுதின மனு கைக்குத் திரும்பி வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை, மகன் கையெழுத்துப் போட்டு வாங்கினான்.

அதற்கப்புறம்தான் இன்னாசிமுத்து அங்கன்வாடிக்கு வந்தார். பவிஷா தன் கைங்கரியத்தை டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருந்தாள். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டார்.

"டீச்சரம்மா, உங்கள நான் குத்தம் சொல்ல வரல. பிள்ளைகள விட்டு ஒரு சதுரம் போடச் சொல்லுங்க. ஊரே கெடந்து சுத்துது."

"சரிங்க" என்றாள் தவமணி.

பவிஷாவைக் கூப்பிட்டு, இது ஆபீஸ், இதைச் சதுரமாகப் போடு என்றாள். பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு அரிசியில் விரலை இழுத்தாள். முதல் மூலை திரும்பியதும் பஸ் ஸ்டாண்டில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு வெயில் அடித்தது. ரெண்டாவது திரும்பியதும் கண்மாயில் ஆடுகளுக்கு ஒதுங்க இடம் போனது. மூணாவதில் சோணையின் விளக்குமாறு தரையில் விழுந்தது. நாலாவது திரும்பவில்லை. விரலை எடுத்த இடத்தில் அரிசி சரிந்து மூடிக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை போட்டாலும் அப்படித்தான். ஆபீஸ் மூணு மூலையோடு நின்றது, நாலாவது இடம் வாய் திறந்து கிடந்தது, அதன் வழியாக நாய் வந்து ஆவணங்களின் மேல் படுத்தது. காகிதங்கள் சுற்றுவதை நிறுத்திவிட்டு, அந்த ஓட்டை வழியாக வெளியே போய் வேலிக்காத்தான் முள்ளில் தொங்கின. இதற்கு வட்டமே தேவலை என்று ஊர் தலையில் அடித்துக்கொண்டது.

ஒரு ஆட்டோவில் மைக் கட்டினார்கள். "பொதுமக்கள் கவனத்திற்கு. தாலுகா அலுவலகத்தின் நாலாவது மூலை யார் வீட்டில் இருந்தாலும் உடனே தெரியப்படுத்தவும். நடவடிக்கை எதுவும் எடுக்கப்படாது." ஆட்டோ காலனிக்குள் ரெண்டு தடவை வந்து போனது. தவமணி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

மூலை அவள் வீட்டில்தான் நின்றது. முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தபோதே அறைக்கு நட்டநடுவில் நின்றது. சுண்ணாம்பு உரிந்த இரண்டு சுவர்த் துண்டுகள், உள்பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம். தவமணி அதைப் பார்த்தாள், இடம் காலியாக இருக்கிறதே என்று அரிசி ட்ரம்மைத் தூக்கி அதற்குள் வைத்தாள். பால்வண்டி ஓட்டிவிட்டு வந்த மலைச்சாமி அதைச் சுற்றிப் போய்த் தன் பாயை விரித்தான். இது என்ன என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகன் போனதிலிருந்து அந்த வீட்டில் சோறு போடவா, போடு என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. மூணு மாசமும் அவள் இந்தப் பக்கமாகவும் அவன் அந்தப் பக்கமாகவும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டோ மூணாவது தடவை தெருவுக்குள் நுழைந்த நேரம், தாம்பாளத்துக்கு அரிசி வாங்கிப் போக வந்த பஞ்சவர்ணம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ ஆத்தா! இது இங்கயா நிக்குது?"

"எடுத்துட்டுப் போகச் சொல்லுக்கா" என்றாள் தவமணி.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"அன்னையிலருந்து."

"இதுக்குள்ள போயி ட்ரம்ம வச்சிருக்கியேடி."

"வேற எங்க வைக்க. வீட்ல இடம் இல்லக்கா."

பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ட்ரம்மைக் கட்டிப்பிடித்து, முக்கி முனகி, வெளியே இழுத்துப் போட்டாள். மூலை காலியானது.

"உக்காரு."

"எதுக்குக்கா?"

"அன்னைக்கு ஒன்னய வாசப்படியில உக்கார வச்சோம். ஒவ்வொருத்திக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு வழி விட்ட. அதப் பாத்துக்கிட்டு நானும்தான நின்னேன். பாவி நான் ஒரு குடத்த நகட்டி வச்சுருக்கக் கூடாதா? எனக்கு இன்னமும் அது அறுக்குதுத்தா. ஆபீசுக்காரன் வந்து எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உக்காந்துரு."

"சரி" என்று தவமணி போய் உட்கார்ந்தாள். முதுகை ஒரு சுவரில் சாய்த்தாள், முட்டியைக் கட்டிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. சுவரில் பல்லி ஒன்று இருந்தது, அதைப் பார்த்தாள். வெளியே மைக் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. பஞ்சவர்ணம் முறத்தை எடுத்து ட்ரம்மிலிருந்து ஒரு படி அரிசியை அள்ளிப்போட்டு, வண்டு தட்டிப் புடைக்க ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் போனதோ, தவமணிக்குக் கால் மரத்தது, முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. காலை நீட்டினாள். நீட்டினதும் ரத்தம் ஓடிச் சுருக்சுருக்கென்று ஆயிரம் ஊசி குத்தியது. "அம்மா" என்றாள், வலித்தது, உண்மையாகவே வலித்தது. அந்த வலி காலோடு நிற்காமல் இடுப்புக்கு ஏறி, வயிற்றுக்கு ஏறி, நெஞ்சுக்கு வந்தது. "ஐயோ எம்பிள்ள" என்று அவள் போட்ட சத்தத்தில் பல்லி கீழே விழுந்தது. ரெண்டு வருஷத்து அழுகை. அவள் தலையைச் சுவரில் முட்டி முட்டி அழுதாள், அவன் சட்டைப் பித்தானைச் சொல்லி அழுதாள், அவன் "அம்மா தண்ணி" என்று கேட்டபோது டாக்டர் கொடுக்க வேண்டாம் என்றாரே, தான் சரி என்று கொடுக்காமல் விட்டோமே என்று அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

மலைச்சாமி உள்ளே வந்ததை அவள் பார்க்கவில்லை. அவன் வாசலிலேயே செருப்போடு நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மூலையைச் சுற்றிப் போகாமல் நேராக அதற்குள் வந்து, மற்றச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அவனும் அழுதான். பஞ்சவர்ணம் அவர்கள் பக்கம் திரும்பாமல் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

மத்தியானம் அந்தச் சோற்றை மூணு பேரும் தின்றார்கள். ரெண்டு வாய் வைத்துவிட்டு மலைச்சாமி சொன்னான், "கொழம்புல உப்பு கூடிருச்சு."

"ஆமா, கூடிருச்சு" என்றாள் தவமணி. தட்டை வழித்துத் தின்றாள்.

திங்கட்கிழமை பவிஷா தாம்பாளத்தில் சதுரம் போட்டாள். நாலாவது மூலை திரும்பியது, அரிசி சரியவில்லை. ஆபீஸின் ஓட்டை மூடிக்கொண்டது, நாய் கோபித்துக்கொண்டு வெளியேறியது, பீரோ ஒரு சாண் பின்னால் போய் முதுகைச் சாய்த்தது. அந்த மூலைச் சுவரில், உட்கார்ந்த ஆள் தலை உயரத்தில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தன. இன்னாசிமுத்து வெள்ளையடிக்கச் சொன்னார். அடித்த மறுநாள் அவை மேலே வந்தன. மறுபடி அடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தவமணி படிவத்தைக் கொடுத்தாள். நாலு நிமிஷத்தில் சீல் விழுந்தது. மூணு பேர் இருந்த கார்டில் ரெண்டு பேர் இருந்தார்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, தெருவிலேயே ஒரு தடவை அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சென்டருக்குப் போனாள்.

தாம்பாளத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்ததால் அன்றைக்கு ஈர்க்குச்சி மட்டும்தான். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, நடுவில் மூணு குச்சியை முட்ட முட்ட வைத்தாள்.

"இது என்ன?"

"முக்கோணம்!"

தவமணி ஒரு குச்சியை எடுத்தாள். அதை உடனே கீழே வைக்கவில்லை, உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள்.

"இப்ப?"

பிள்ளைகள் முழித்தார்கள். "ஒடஞ்சு போச்சு" என்றான் ஒருத்தன். "ஒண்ணுமே இல்ல" என்றாள் இன்னொருத்தி. பவிஷா குப்புறப் படுத்து, தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து, மிச்சமிருந்த ரெண்டு குச்சியும் முட்டுகிற இடத்தைப் பார்த்தாள்.

"மூலை இருக்கு டீச்சர்."

தவமணி குனிந்து பார்த்தாள். பிள்ளை விரலை வைத்துக் காட்டிய இடத்தில் ரெண்டு குச்சிகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு கிடந்தன.

"சரி" என்றாள்.